இரண்டு தோள்களும் ஒன்றல்ல

தையல் பயிற்சி நிலையத்தில் அவளுக்குப் பதினோரு வருடமாக ஒரே பதவி: உதவியாளர். பாடம் நடத்துவது அவள்தான், ஆனால் பயிற்றுநர் நாற்காலியில் உட்கார பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். கணக்கில் இரண்டு முறை தோற்றவளின் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது.

அந்த ஆண்டு ஊர்ப் பள்ளியில் புது வழி ஒன்று திறந்தார்கள். விரும்பியவர்கள் கணக்குத் தாள் எழுதாமல், தங்களுக்குத் தெரிந்த ஒன்றை நடுவர்கள் முன் செய்து காட்டலாம்; அதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். வெளியாட்களும் பதியலாம். அவள் பதிந்தாள். அதே பள்ளியில் படிக்கும் மகளுக்குத்தான் மானம் போனது.

"படிக்காம பாஸ் பண்ற வழின்னு எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிக்கிறவங்களை ஒரு காலர் வச்சுக் காட்டச் சொல்லுடி. அப்புறம் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

நான்கு மணி நேரம். அளவெடுப்பதிலிருந்து பொத்தான் வரை ஒரு அரைக்கைச் சட்டை. நடுவர்கள் இருவர்: தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார். சட்டை வாத்தியாருக்கு. துணியை இரண்டாக மடித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினாள். மடித்து வெட்டினால் ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் வந்துவிடும். எல்லாத் தையல்காரர்களும் செய்வதுதான்.

கை பொருத்தும் வளைவைக் காட்டி வாத்தியார் கேட்டார்: "இதோட நீளம்?"

டேப்பை விளிம்பில் நிறுத்தி வளைவின் மேல் நடத்தினாள். "முன்னும் பின்னும் சேர்த்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்."

"அது அளந்தது. சூத்திரம் என்ன?"

"இது வட்டமில்ல சார். முன்பக்கம் ஆழம் அதிகம், பின்பக்கம் கம்மி. கை முன்னாலதானே நீளுது? எந்த வட்டத்தோட சூத்திரத்தைச் சொல்லட்டும்?"

வாத்தியார் டேப்பை வாங்கினார். வளைவின் மேல் தானே நடத்திப் பார்த்தார். கேள்விக்குக் கேள்வி பதிலாகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இது பதில்தான் என்றும் தெரிந்தது.

இருபது நிமிடம் மீதியிருக்கும்போது சட்டையைப் போட்டுப் பார்த்தார். இடது கை சரி. வலது தோளில் மெல்லிய சுருக்கம். அவள் அவரைச் சுற்றி வந்தாள். வலது தோள் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அவள் அளந்தது இடது தோளை மட்டும். மற்றதை மடிப்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தாள். துணி சரிபாதியாக மடியும், மனிதன் மடிவதில்லை.

"கழட்டுங்க சார். தப்பு என்னோடது. பிரிக்கணும்."

தலைமையாசிரியை பதறினார். "இதெல்லாம் யாருக்கும்மா தெரியப்போகுது? பொத்தானை வச்சு முடிச்சிடுங்க. மணி அடிச்சப்புறம் தைச்சா மார்க் போயிடும்."

"எனக்குத் தெரியுதே மேடம். சார் இதைப் போட்டுட்டுப் போனா, நாளைக்கு நானே பயிற்றுநர்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

"ஃபெயிலாயிட்டா?"

"ஏற்கனவே ரெண்டு தடவை ஆயிருக்கேன். அப்போ எங்க தப்புன்னு யாரும் சொல்லல. இப்போ எனக்கே தெரியுது."

வலது கையைப் பிரித்தாள். தோள் தையலையும் பிரித்து, வலப்பக்கம் மட்டும் சரிவாக வெட்டினாள். வளைவை மறுபடி அளந்தாள். மணி அடித்தது. நிமிரவில்லை.

"நேரம் முடிஞ்சது, எழுந்திருங்க" என்றார் தலைமையாசிரியை.

"மார்க்கைக் குறைச்சுக்குங்க மேடம். மெஷினை நிறுத்தச் சொல்லாதீங்க."

பதினேழு நிமிடம் தாண்டிக் கடைசிப் பொத்தான் ஏறியது. வாத்தியார் சட்டையைப் போட்டு, கரும்பலகையில் எழுதுவதுபோல வலது கையை உயர்த்தினார். சுருக்கமில்லை. மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம்: 'தேர்வர் செய்த தவறு, அதை அறிந்த விதம்'. அதுவரை வந்த எல்லாத் தாள்களிலும் அங்கே 'இல்லை' என்றே இருந்தது. வாத்தியார் அந்தக் கட்டத்தில் எழுதத் தொடங்கி, இடம் போதாமல் பின்பக்கத்துக்குப் போனார். தலைமையாசிரியை இரண்டு பக்கத்தையும் படித்தார். தாமதத்துக்குப் பத்து மதிப்பெண்ணைக் கழித்தார். பிறகு கையெழுத்திட்டார்.

தேர்ச்சிக்கு மேல் நான்கு மதிப்பெண்தான் மிஞ்சியது.

"நாலுதானாம்மா? சொன்ன நேரத்துல நிறுத்தியிருந்தா பதினாலு" என்றாள் மகள்.

"பதினாலும் ஒரு கோணல் சட்டையும். உனக்கு வேணும்னா நீ வாங்கிக்க."

சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் காலை நான்காவது விண்ணப்பத்தைத் தபாலில் போடவில்லை. நிலையத்து அலுவலக மேசையில் தானே கொண்டுபோய் வைத்து, வாங்கியதற்கு ரசீது கேட்டு, அது வரும்வரை பயிற்றுநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.