தொட்டியில் குறைந்த தாமிரம்

பூங்காவனம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். உருக்காலைகளின் புகைபோக்கியில் படியும் தூசி அங்கே மூட்டை மூட்டையாக வரும். அதை அமிலத் தண்ணீரில் ஊறவைத்தால், உள்ளே இருக்கும் தாமிரம் கரைந்து தொட்டி முழுக்க நீலமாகிவிடும். அந்த நீலத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டால் தாமிரம் செந்தூளாக இரும்பின்மேல் படியும். அதைச் சுரண்டிக் கழுவி உலர்த்துவது பூங்காவனமும் ஜமீலாவும்.

சித்திரையில் தூள் குறைய ஆரம்பித்தது. வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கைக் காணவில்லை. சூப்பர்வைசர் கோகுல்நாத் தினமும் வாசலில் நின்று இருவரின் பையையும் சோற்று டப்பாவையும் திறந்து பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்.

தூளைத் தொடுவது இரண்டே பேர். நான் எடுக்கவில்லை என்றால்? பூங்காவனத்தின் மனம் அங்கேயே போய் நின்றது. ஜமீலா வீட்டுக்குப் புதுத் தையல் மெஷின் வந்திருந்தது.

"மெஷினு எங்க வாங்குன?"

"பாடில ஒரு கடைல. இன்னாத்துக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

அன்றிலிருந்து பூங்காவனம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜமீலா லீவு போட்ட ஒரு நாள், எங்காவது ஒளித்து வைத்திருப்பாளோ என்று பூங்காவனம் தேடப் போனாள். தொட்டிக்குப் பின்னால், யாரும் போகாத மூலையில், வடிகாலின் இரும்பு மூடி செக்கச்செவேல் என்று இருந்தது. நகத்தால் கீறினாள். தாமிரம். நீலத் தண்ணீர் அந்தப் பக்கமாகக் கசிந்துகொண்டிருந்தது.

"சார், தொட்டி ஒழுகுது."

வந்து பார்த்த கோகுல்நாத், "திருட்ட மறைக்க நீயே பூசி வெச்சியா?" என்றார்.

"தரைய ஒடச்சிப் பாருங்க சார்."

உடைத்தார்கள். முழங்கை ஆழத்துக்கு மண் நீலமாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பையைச் சோதிப்பதை மட்டும் நிறுத்தினார்.

மறுநாள் பூங்காவனம் ஜமீலாவிடம் மறைக்காமல் சொன்னாள்: "நான் உன்னத்தான் நெனச்சேன்."

ஜமீலா கையுறையைக் கழற்றாமலே நிமிர்ந்தாள். "தெரியும்க்கா. நானும் உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன்."

பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவளைச் சந்தேகித்தபோது வராத வலி அப்போது வந்தது.

ஒரு மாதம் இருவரும் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஆனி கடைசியில் ஒரு மத்தியானம் ஜமீலாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல், சாயந்திரம் மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.