பார்ட்டி வரும் வரை

ஊட்டியில் டாக்சி ஓட்டும் சுரேந்திரனுக்கு, உண்மையில் ஓட்டுகிற வேலை கொஞ்சம்தான். பார்ட்டியை, அதாவது அன்றைக்கு வண்டி பிடித்த குடும்பத்தை, பொட்டானிக்கல் கார்டனில் இறக்கிவிட்டு வாசலில் கிடப்பான். போட் ஹவுஸில் கிடப்பான். சாக்லேட் கடை, தைலக் கடை, டீ பேக்டரி என்று ஒவ்வொரு வாசலிலும் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு கிடப்பான். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. தொழில் என்ன என்று கேட்டால் டிரைவர் என்கிறான். நமக்கும் அதை மறுத்துப் பேச மனசு வராது.

அவன் காதில் அதிகம் விழுகிற சொல் ‘வெயிட் பண்ணுங்க’. அது இங்கிலீஷ் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. அகராதியைப் புரட்டினால் ‘காத்திரு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அகராதி எழுதினவர்கள் யாரும் சீசனில் ஊட்டியில் வண்டி ஓட்டியதில்லை. பார்ட்டி சொல்கிற ‘அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணுங்க’ என்பதற்கு, நீ ஒரு தூக்கம் போடலாம், ஆனால் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று பொருள். லாட்ஜ் ரிசப்ஷனில் அதே சொல்லுக்கு, டிரைவர் படுக்க இங்கே இடம் கிடையாது, அதை என் வாயால் சொல்ல வைக்காதே என்று பொருள். டிராபிக் போலீஸ்காரர் இங்கிலீஷுக்கே போக மாட்டார். ‘ஓரமா நில்லு’ என்பார். அதுவும் இதே சொல்தான், லத்தியோடு வருகிறது.

தமிழில் இதற்குச் சொற்களா இல்லை? அவன் அம்மா சின்னம்மை சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயசில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். அவள் ‘பொறு மகன்’ என்பாள். அந்தப் பொறுவில் கொஞ்சம் வலியும் இருக்கும். ஸ்டாண்டில் கூட்டாளிகள் ‘இருடா, வந்துர்றேன்’ என்பார்கள், அதில் திரும்பி வருவேன் என்ற உறுதி இருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி. எல்லா வேலையையும் வெயிட் ஒன்றின் தலையில் கட்டிவிட்டோம், அதுவும் முகம் இல்லாமல் எல்லா இடத்திலும் வந்து நிற்கிறது.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து அதைக் கேட்டே பழகிய சுரேந்திரன், தானாக அதைச் சொன்னது ஒரே ஆளிடம்தான். சுகுணாவிடம்.

சுகுணா கோத்தகிரி ரோட்டில் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். இவனைப் போலவே சிலோனிலிருந்து வந்த குடும்பம். இவன் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். சுரேந்திரனும் சுகுணாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது என்று பேசி முடித்தபோது இவனுக்குத் தலையில் ஒரு நரை கிடையாது. முதலில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றான். அப்புறம் இளையவள் கல்யாணம். அப்புறம் அப்பா படுத்துக்கொண்டார். அவர் போன பிறகு வருஷம் திரும்பட்டும் என்றான். அதற்கும் அப்புறம், சொந்த வண்டி ஒன்று எடுத்துவிட்டால் தலை நிமிர்ந்து வந்து கேட்கலாம் என்றான். ஒவ்வொரு காரணமும் நியாயமானது. அதுதான் கொடுமை. அநியாயமான காரணம் ஒன்று சொல்லியிருந்தால் அவள் எப்போதோ சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. அவள் அண்ணன் ராசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே மனைவியை இழந்த ஒருவர் சுகுணாவைக் கேட்கிறாராம். சனிக்கிழமை தங்கையை அழைத்துப்போகக் குன்னூர் வருவதாகவும், அந்த டிரைவர் பஸ் ஸ்டாண்டுக்கு நேரில் வந்து கல்யாணத் தேதி சொன்னால் வெறுங்கையோடு திரும்பிப் போய்விடுவதாகவும் ராசு சொல்லியனுப்பினான். வருகிறேன் என்று சுரேந்திரன் வாக்குக் கொடுத்தான். மனசாரத்தான் கொடுத்தான்.

சனிக்கிழமை அவனுக்கு வாய்த்தது மதுரைப் பார்ட்டி. ஊட்டி மட்டும் என்று பேசியவர்கள், காலையில் குன்னூர் சிம்ஸ் பார்க்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். பார்க்கிலிருந்து கீழே பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம்தான். அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம், வெயிட் பண்ணுங்க அண்ணே என்று சொல்லி எல்லோரும் உள்ளே போனார்கள். அரை மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டது. மதியமும் ஆகிவிட்டது. பார்க்கில் மாட்டிக்கொண்டேன் என்று சுகுணாவுக்குப் போன் போட்டான்.

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற பஸ் அந்த வழியாகத்தான் வரும். பார்க் ஸ்டாப்பிங்கில் அவள் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு பெரிய பை. நேராக வண்டியிடம் வந்தாள்.

“பார்ட்டி உள்ள போயிருக்கு, இப்ப வந்துருவாங்க” என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

“அண்ணன் கீழ நிக்குது. காலையிலயே வந்துருச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆயிரப்போகுது?”

“இந்த எடத்தை விட்டா அப்புறம் பார்க்கிங் கெடைக்காது சுகுணா. ஒரு பெரியம்மா வேற முட்டி வலியோட வந்திருக்காங்க. திரும்பி வர்றப்ப வண்டிய காணோம்னா ஓனருக்குப் போன் பண்ணீருவாங்க.”

“சரி, அவங்களுக்கே போன் போட்டுக் கேளுங்க.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. போட்டான். மறுமுனையில் ஒரே சிரிப்புச் சத்தம். “போட்டோ எடுத்துட்டிருக்கோம் அண்ணே, வெயிட் பண்ணுங்க.”

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். எனக்கு ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வந்துவிடுகிறேன். மறுத்திருக்கக்கூட மாட்டார்கள், நல்ல ஜனங்கள். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு பார்ட்டியிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. வாய் பழகவில்லை. “சரிங்க” என்றது வாய். போனை வைத்தான். வைத்த கையோடு சுகுணா பக்கம் திரும்பி, யோசிக்காமல் சொன்னான்.

“கொஞ்சம் வெயிட் பண்ணு.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. தன்னிடம் வெயிட் பண்ணச் சொல்கிற ஒவ்வொருவரும் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்களோ, அவ்வளவு லேசாக வந்திருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியவில்லை.

சுகுணா கோபப்படவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எனக்கு அலுத்துப்போச்சுங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. ஒரு நாளாச்சும் வான்னு கூப்புடுவீங்கன்னு பாத்தேன். இனி ஏலாது.”

அடுத்த பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததை அவன் பார்த்தான். பின்னாலேயே வண்டியை விட்டிருந்தால் ரெண்டு வளைவுக்குள் பிடித்திருக்கலாம். சாவியைத் திருகினான். இன்ஜின் ஓடியது. பார்க் கேட்டைப் பார்த்தான். யாரும் வரவில்லை. சும்மா டீசல் எரிகிறது என்று அணைத்துவிட்டான். ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்தான், அதுகூட வரவில்லை. உடம்பு முழுக்க அசதியாக இருந்தது.

கடைசியில் பார்ட்டி வந்தது. பிள்ளைகள் கையில் மக்காச்சோளம், பெண்கள் தலையில் புதுக் கம்பளித் தொப்பி. முட்டி வலிக்காரப் பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். மற்றவர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

“பாவம், ரொம்ப நேரம் வெயிட் பண்ண வச்சிட்டோமா தம்பி?”

“என்னைய இல்லீங்கம்மா” என்றான் சுரேந்திரன்.

பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அவன் வண்டியை எடுத்தான். அதுவரை அவன் பிடித்து வைத்திருந்த இடத்தில், பின்னால் நின்ற வண்டி வந்து புகுந்துகொண்டது.