சித்தப்பா துடைத்த கரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் இரும்பையும் நிக்கலையும் ஆவியாக்க ஆசைப்பட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆராய்ச்சிப் படிப்பு மதுரையில், மெஷின் மட்டும் ராஜபாளையத்தில் சித்தப்பாவின் பட்டறையில். நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. கல்லூரியில் மெஷின் வைக்க இடமில்லையாம். பேராசிரியருக்கு மட்டும் இரண்டு அறை.

மூடிய எஃகு அறைக்குள் ஆர்கான் வாயுவை விட்டு, வெல்டிங் மெஷினிலிருந்து கரண்டைக் கொடுத்தால் பிளாஸ்மா பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் இரண்டு உலோகமும் ஆவியாகிக் கலந்து, தண்ணீரால் குளிர்ந்த சுவரில் கறுப்பு நுண்பொடியாகப் படியும். நானோ என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. சித்தப்பா அதை 'மாவு' என்பார். ஆனால் அதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. சுடச்சுடத் திறந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்துவிடும் என்பதால், இரவு முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்றை உள்ளே விட வேண்டும்.

பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். விஜயதசமியன்று வருவார், பொடியைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் என் தலைப்பை மூடிவிட்டு, துருப்பிடித்தல் பற்றி ஆராயப் போக வேண்டும். அறிவியல் படித்த மனிதர், கழுத்தை அறுப்பதற்கும் நல்ல நாள் பார்த்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மாலை மெஷின் அருமையாக ஓடியது. காற்று வால்வை இம்மியளவு திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஆயுத பூஜை. பொடியைச் சுரண்டி எடுக்கக் காலையில் பாட்டிலோடு வந்தால், மெஷின் சந்தனம், குங்குமம், மாலையோடு கல்யாணப் பெண்ணாக நின்றது. கதவு திறந்திருந்தது. உள்சுவர் பளபளத்தது.

"ஏட்டி, வந்துட்டியா? உள்ள எம்புட்டுக் கரி! நானே ஒக்காந்து தொடச்சேன், பாரு."

"சித்தப்பா, அந்தக் கரிதான் மாவு."

"கரி உண்டாக்கவா இத்தன மாசமா என் கரண்ட்ட எரிச்ச?"

"தொடச்ச துணி எங்க?"

"வாசல்ல குப்பையோட போட்டேன்."

வாசலுக்கு ஓடினோம். பட்டறை ஆட்கள் அப்போதுதான் திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்திருந்தார்கள். எரிந்துகொண்டிருந்த சூடம் தெறித்து அந்தத் துணிக் குவியலில் விழுந்திருந்தது. சாதாரணத் துணி எரிவதுபோல் அது எரியவில்லை. கொழுந்தே இல்லாமல் செக்கச்செவேலென்று ஒரு கனல் துணி முழுக்க ஊர்ந்தது. இரும்புத் துண்டு அப்படி எரியாது. அவ்வளவு நுண்ணிய பொடியாக இருந்தால்தான் எரியும். நான் சாதித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்த நேரத்தில் சாதனை சாம்பலாகிக்கொண்டிருந்தது. பெருமையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் ஆட்கள் முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

சித்தப்பா முகம் தொங்கிப்போனது. "நாளைக்கு ஒங்க புரொபசர் அவிய வந்தா?"

"துருப் பிடிக்கப் போக வேண்டியதுதான்."

பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. சித்தப்பா இந்த விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுக்க மாட்டார், சைக்கிளுக்குப் பொட்டு வைத்துவிட்டு நடந்துதான் போவார். அப்படிப்பட்டவர் உள்ளே போய், செருப்பைக் கழற்றி, மெஷினிலிருந்த மாலையை இரண்டு கையாலும் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டார்.

"ஆத்தா கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். நீ சுவிட்சப் போடு."