கிருமிக்குக் கிடைத்த ரெசிடென்ட்

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது எனக்கு உட்காருமிடத்தில் கட்டி வந்தது. இதை நாசூக்காகச் சொல்ல ஒரு வார்த்தையை இத்தனை வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இருக்கும் ஒரே வேலை மணவறையில் உட்கார்ந்திருப்பது. அந்த ஒரு வேலைக்கும் நான் லாயக்கில்லாமல் போய்விடுவேனோ என்று நடுங்கிப்போனேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஆபீசில் எனக்குக் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் மலை வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பாலிக் புலாவில் இருந்த அண்ணனின் கோழிப் பண்ணைக்குப் போய்விடுவேன். அங்கே என் உத்தியோகம், தீவனத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு தூளைக் கலப்பது. டின்னில் ஏதோ பொடி எழுத்தில் பெயர் போட்டிருக்கும். அண்ணன் அதற்கு வைத்திருந்த பெயர் ‘வைட்டமின்’. நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் கோழிக்கும் தினமும் உண்டு. “என் கோழிக்குச் சளிகூடப் பிடிக்காது லா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அப்படி ஒரு ஞாயிறு, கலந்து முடித்த அசதியில் கோழி ஏற்றும் கூடை மேல் உட்கார்ந்தேன். கம்பி குத்தியது. துடைத்துவிட்டு மறந்துபோனேன்.

நான் மறந்தாலும் அது மறக்கவில்லை. ஒரு வாரத்தில் கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஆபீசில் நாள் முழுக்க நின்றபடியே பேரேடு எழுதினேன். மேனேஜர் தன் அறையை விட்டு எப்போது எட்டிப் பார்த்தாலும் நான் நின்றுகொண்டிருப்பேன். மனிதர் பூரித்துப்போனார். இந்தக் காலத்துப் பையன்களில் இப்படி ஒரு மரியாதையா என்று மற்ற கிராணிகளை அழைத்து என்னைக் காட்டிப் பேசினார். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை கட்டியைவிட வலித்தது.

கிளினிக்கில் டாக்டர் காப்ஸ்யூல் கொடுத்தார். ஒரு வாரம் விழுங்கினேன். கட்டி அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. அந்த ஞாயிறு பண்ணையில் அண்ணன் என் மருந்துப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

“டேய், ரெண்டுலயும் ஒரே பேருடா! நம்ம கோழி சாப்பிடுற வைட்டமினைத்தான் டாக்டர் உனக்கும் குடுத்திருக்காரு. அப்ப நல்ல மருந்துதான், விடாம சாப்பிடு.”

திங்கட்கிழமை இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கட்டியிலிருந்து பஞ்சில் சீழை ஒற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாள் கழித்து முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

“தம்பி, இது ரெசிஸ்டண்ட் கிருமி. கோழிக்குத் தினமும் கொஞ்சங் கொஞ்சமா அந்த மருந்தைக் குடுக்குறீங்கல்ல? சாகுற கிருமி செத்துரும், தாங்குற கிருமி மட்டும் நின்னு பெருகும். அது கோழி மேல, கூடையில, உங்க கையில எல்லாம் ஒட்டிக்கும். அப்புறம் அதே மருந்தை நான் குடுத்தா அது என்னை மதிக்குமா? வேற மருந்து எழுதுறேன். அண்ணன்கிட்ட மறக்காம சொல்லுங்க, நோவில்லாத கோழிக்குத் தூள் போடவேணாம்னு.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“என்னடா சொன்னாரு?”

“கிருமி ரெசிஸ்டண்டாம்மா.”

“ரெசிடென்டா?”

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் தமிழ்நாட்டில் பிறந்து, கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தவள். பிரஜைகளுக்கு நீல அடையாளக் கார்டு, நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு. அம்மாவிடம் இருந்தது சிவப்பு. நீலத்துக்கு மனுப்போட்டு, ஒவ்வொரு முறையும் மலாய் கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வருவாள். அந்த நீலக் கார்டைத்தான் அவள் ‘ரெசிடென்ட்’ என்பாள்; அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொள்ளும்.

“நான் முப்பது வருசமா அலையுறேன். நேத்து கோழிப் பண்ணையிலேர்ந்து வந்த கிருமிக்கு அதுக்குள்ள ரெசிடென்டு குடுத்துட்டாங்களா? அதுக்கு மலாய் டெஸ்ட் வெச்சாங்களாடா?”

நான் விளக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டாள். அந்த அக்கா குரலைத் தாழ்த்தி, எந்த ஆபீசரைப் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். அந்த அக்காவின் கார்டும் சிவப்புதான்.

அண்ணனிடம் மட்டும் டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்று எனக்குப் பெண் பார்த்தவர் அவர். உங்கள் வைட்டமினால்தான் எனக்கு இந்தக் கதி என்று எந்த வாயால் சொல்வது? கல்யாணம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கோழிகள் தூளைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தன.

டாக்டர் கட்டியைக் கீறிவிட்டு, புது மருந்து கொடுத்தார். கல்யாணத்தன்று பாதி ஆறியிருந்தது. அதாவது பாதி உட்காரலாம். மணவறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். அந்தப் பக்கம் பெண் இருந்தாள். “மாப்பிள்ளைக்கு அவசரத்தைப் பாரு!” என்று கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஐயர் இரண்டு முறை தோளைப் பிடித்து நிமிர்த்தினார். இரண்டு முறையும் திரும்பச் சாய்ந்தேன்.

“ஏன் இப்படி மேல வந்து விழுறீங்க?” என்று பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“கட்டி.”

“எங்க?”

சொன்னேன். அவள் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பெண் அழுகிறாள் என்று அவள் அம்மா அழ, அவளைப் பார்த்து அத்தைமார் அழ, மண்டபமே உருகியது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறுகளில் அவளும் பண்ணைக்கு வந்தாள். சும்மா இருக்க மாட்டாள். என்னோடு சேர்ந்து தூள் கலப்பாள், கூடை கழுவுவாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பேன். காரணம் கேட்டால் அண்ணன் காதில் விழுமே என்று நிறுத்திக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் அவள் நின்றுகொண்டே பசியாறினாள். மத்தியானமும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். புதுப்பெண் கூச்சம் என்று நினைத்து, “உக்காரு, நான் என்ன வெளி ஆளா?” என்றேன்.

“உக்கார முடியலங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த முறை சிரிப்பால் வந்ததில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. அவளை டாக்டரிடம் காட்டி, வீட்டில் விட்டுவிட்டு, நேராகப் பாலிக் புலாவுக்குப் போனேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர் தூள் டின்னை எடுத்துப்போய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

“டாக்டர் இதை எப்படா சொன்னாரு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி.”

“அப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே. ஏண்டா சொல்லல?”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்ணே.”

“எனக்கா பயந்த? அந்தப் பிள்ளைய என்னா பாடு படுத்திட்ட பாரு” என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும், எனக்கு முன்பே தெரியும் என்பதை அவளிடமும் சொன்னேன். குப்புறப் படுத்திருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கட்டி ஆற மூன்று வாரம் ஆனது. என்னோடு பேச அதற்குமேல் ஆனது.