லண்டனில் கிப்லா எந்தப் பக்கம்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஏரோகிராம் கடிதம் எழுதினேன் – லண்டனில் எனக்கு அறை தரப்போகும் வெள்ளைக்காரப் பெண்மணிக்கு.

ஆசிரியர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி. அழைப்பு வந்துவிட்டது. கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகவே இரண்டு நாள் ஆயத்தம் செய்கிற ஆள் நான்... எனக்கு லண்டன்! தெருவில் பாதிப் பேர் வந்து ஆலோசனை சொல்லிவிட்டார்கள். கம்பளிச் சட்டை வாங்கச் சொன்னார் ஒருவர். கருவாடு கட்டிக்கொண்டு போகச் சொன்னார் இன்னொருவர். இவர்களில் யார் லண்டனைக் கண்டது?

வாய் திறக்காதவள் என் மனைவி ஹாஜரா மட்டும்தான். போங்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கலியாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் பிரிந்திருந்ததில்லை. அவள் மனம் நோக எனக்கு எந்த ஊரும் வேண்டாம். ஆனால் போகவும் ஆசை! வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சிக்காரர்களுக்கு வருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் போட்டாக வேண்டும். முடிவெடுக்குமுன்பே அறைக்கு எழுதி வைத்தது அந்த ஆசையில்தான்.

புதன் பின்னேரம், ஏரோகிராமை ஒட்டுமுன் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'அறையின் மேற்குச் சுவரோரம் கட்டில், அலுமாரி எதுவும் வேண்டாம். நான் அந்தப் பக்கம் பார்த்துத் தொழுவேன்' என்று எழுதியிருந்தேன்.

எங்களூரில் கிழக்கே கடல், மேற்கே வயல். தொழுவது மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து; எங்களுக்கு அது வயல் பக்கம். மேற்கு வேலியைக்கூட 'கிப்லாப் பக்கத்து வேலி' என்றுதான் சொல்வோம்.

"லண்டன்லயும் கிப்லா மேற்கா?" என்று கேட்டாள் ஹாஜரா.

"கிப்லா எண்டாலே மேற்குதானே!"

"மக்கா லண்டனுக்கு மேற்காலயா இரிக்கி?"

மகளின் அட்லஸை எடுத்து விரித்தாள். தையல் நூலைக் கல்முனையிலிருந்து மக்காவுக்கு இழுத்து, அங்கே விரலால் அழுத்திக்கொண்டு, மீதியை லண்டனுக்கு நீட்டினாள்.

"பாருங்க. அங்க போய் மேற்கப் பாத்து நிண்டா, மக்காவுக்கு முதுகத்தான் காட்டுவீங்க. நீங்க புவியியல் படிப்பிக்கிற ஆள் வேற!"

உண்மைதான் வாசகர்களே. இருபது வருடமாக நான் புவியியல் ஆசிரியன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அவள் நூலை எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... நான் இஞ்ச மேற்கப் பாத்து, நீங்க அங்க கிழக்கப் பாத்து. ரெண்டு பேரும் எதிரெதிரா நிண்டு தொழுவம், என்ன?"

"ஓம்" என்றேன். நூலின் லண்டன் முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"போய்ட்டு வாங்க. அந்தச் சுவர மட்டும் மாத்தி எழுதுங்க."

மேற்கை வெட்டிவிட்டு, நூல் காட்டியபடி தென்கிழக்கு என்று எழுதினேன். வருகிறேன் என்ற பதிலையும் சேர்த்து மறுநாள் காலையிலேயே தபாலில் போட்டாயிற்று.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே பக்கம் பார்த்தே நின்றிருக்கிறோம்... பெண்டாட்டியை முகத்துக்கு நேரே பார்க்க லண்டன் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது!