சாட்சியில் விட்டுப்போன ஊசிகள்

ரெஜினாவுக்கு மார்பில் கேன்சர் வந்து போன கதை சதுரங்கப்பட்டினத்துச் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்லியிருப்பாள்! கடற்கரை விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் ஆளே வேறு. பாஸ்டர் அவளைக் கடப்பாக்கம் கூட்டத்துக்குக்கூட அழைத்துப் போனார்.

முதல் தடவை சொன்னபோது எல்லாம் இருந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மார்பை எடுத்தது, ஆறு கீமோ ஊசி, இருபத்தைந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தது, வாந்தி, முடி கொட்டியது. ஆனால் ஊசிக்கு யார் கை தட்டுவார்கள்? ஜெபத்துக்குத்தான் தட்டினார்கள். தட்டாத இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் "ஜெபிச்சோம், சொஸ்தமானேன்" என்பது மட்டும் மிஞ்சியது. அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. அப்படிச் சொன்னால் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். சாவுக்குப் பயந்தவள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்ப்பாள்?

இந்த ஆடியில் இடுப்பு வலி ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், எலும்புக்குப் பரவியிருக்கிறது. புதன்கிழமை வந்து மறுபடி கரண்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ரெஜினா ரிப்போர்ட்டை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. இஸ்திரி அறையில் விரிப்புகளுக்கு அடியில் செருகிவிட்டு, புருஷன் மோசஸிடம், "எல்லாம் நார்மலா கீதாம்" என்றாள். புதன்கிழமை போகவும் மனசில்லை. போனால் உண்மையாகிவிடும் என்று பயம்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரூத் அவளைத் தேடி வந்தாள். முப்பத்திரண்டு வயசு, தையல் வேலை. மார்பில் இருப்பது கேன்சர் கட்டி என்று டெஸ்டில் தெரிந்து இரண்டு மாசம் ஆகிறதாம்.

"அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிக்கே போவலக்கா. நீங்களும் ஜெபத்துலதான நல்லானீங்க? உங்க சாட்சியத்தான் போன்ல போட்டு டெய்லி கேட்டுகினு கீறேன்."

ரெஜினா ரூத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"ஆறு ஊசி போட்டுகினேன்டி. இருவத்தஞ்சு நாள் கரண்ட்டு. இங்க பாரு." மாராப்பை விலக்கித் தழும்பைக் காட்டினாள்.

"அத்த ஏங்க்கா ஒரு நாள்கூட சொல்லல?"

ரெஜினா மாராப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, அதெல்லாம் பண்ணா நல்லாயிடுமா? உங்களுக்குப் பூட்ச்சு இல்ல?"

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள் ரெஜினா. திரும்ப வந்துவிட்டது என்று சொன்னால் இவள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

"பூட்ச்சு" என்றாள். "புதன்கெழம நானே உன்னை இட்டுகினு போறேன்."

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போய், சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் வந்த நர்ஸுக்கு ரெஜினாவை நன்றாகத் தெரியும்.

"வந்துட்டியா ரெஜினா? எலும்புக்குக் கரண்ட் வைக்கணும்ல, அந்த ரூமுக்குப் போம்மா."

ரூத் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்ப வந்துட்ச்சு ரூத்து." யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள். "உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

ரூத் விருட்டென்று எழுந்தாள். ரெஜினா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பூடாதடி. மூணு வருசம் நல்லாத்தான் இருந்தேன். எம்பொண்ணு சிநேகா காலேஜ் முடிச்சத பாத்தேன். உனக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிகீது. நீ உள்ள போ."

"நீங்க?"

"எனக்குப் பயமா கீது" என்றாள் ரெஜினா. "ரொம்பப் பயமா கீது. மோசஸாண்டகூட சொல்லல. நான் கரண்ட்டுக்கு வர்ல, உன்னை வுட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

உள்ளேயிருந்து ரூத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

"நீங்க எந்திரிச்சாத்தான் நான் போவேன்."

ரெஜினா உடைந்து அழுதாள். கேன்சர் என்று முதலில் சொன்ன அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை. இடுப்பு வலியில் தானாக எழுந்திருக்க முடியவில்லை. ரூத் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளுக்கொரு கதவுக்குள் போனார்கள்.