பெர்த்தில்டா கொடுத்த பால்

துமாக்கோ ஊரில் கடல் உள்வாங்கினால் பெண்கள் வாளியோடு சதுப்புக்குள் இறங்கிவிடுவார்கள், கருஞ்சிப்பி பொறுக்க. கைக்குழந்தைக்காரிகளும் போவார்கள். யாராவது ஒருத்தி கரையில் தங்கி எல்லாக் குழந்தைகளுக்கும் பால் கொடுப்பாள். பெர்த்தில்டா வெகுகாலம் அந்த ஒருத்தியாக இருந்தாள். தன் ஒரே குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகும் அவளுக்குப் பால் வற்றவில்லை. ஆண்டவர் நிறுத்தாததை நான் ஏன் நிறுத்த வேண்டும் என்று எட்டுப் பிள்ளைகளை மாரில் போட்டு வளர்த்தாள்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுடைய கால்கள் மரக்கட்டையாக விறைத்தன. இடுப்பு எரிந்தது. சிறுநீர் கட்டுக்கு நிற்கவில்லை. "சேத்துல மீன் முள்ளு குத்தின விஷம்டி" என்று பக்கத்து வீட்டுக் குமெர்சிந்தா கரும்புச் சாராயத்தைத் தேய்த்துவிட்டாள். மூன்று வருடம் தேய்த்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

"அம்மா, உங்க ரத்தத்துல ஒரு கிருமி ரொம்ப வருஷமா ஒளிஞ்சிருக்கு" என்றாள் டாக்டர் பெண். "அதைப் பிடிக்கிறோம்னு உங்க உடம்போட காவல்காரங்களே முதுகுத்தண்டுக்குள்ள புகுந்து நெருப்பு வெச்சுட்டாங்க. கிருமி சாகல. நரம்புதான் வெந்துபோச்சு."

"என் உடம்பே என்னைச் சுட்டுச்சா தாயி? இது எப்படி வந்துச்சு?"

"பெரும்பாலும் தாய்ப்பால் வழியாத்தான். கிருமி இருக்கிற எல்லாருக்கும் கால் விழாது. நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான்."

தனக்கு யார் கொடுத்தது என்று பெர்த்தில்டா நினைக்கவில்லை. தான் யாருக்குக் கொடுத்தோம் என்று விரல் மடக்கினாள். எட்டாவது விரலில் வந்து நின்றவள் யெஸ்லி, குமெர்சிந்தாவின் மகள். பிள்ளை பெற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

தண்ணீருக்கு மேல் போட்ட பலகைப் பாதையில் தடியூன்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். யெஸ்லி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி, பேத்தியப் பாரு!" என்றாள் குமெர்சிந்தா. "உன் பாலைக் குடிச்சவ பெத்தது, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு!"

பெர்த்தில்டா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "ரத்தம் பாக்கிற வரைக்கும் புட்டிப்பால் குடு, கண்ணு."

குமெர்சிந்தாவின் முகம் கறுத்தது. "உன் காலு போச்சுன்னா என் மவ மாருல வந்து குத்தம் சொல்லுவியா? புள்ள இல்லாதவ பொறாமைடி உனக்கு!"

யெஸ்லி குழந்தையை மாரிலிருந்து எடுத்தாள். அது வீறிட்டது.

"நீ எனக்குப் பால் குடுக்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"பசியில கத்திக்கிட்டுக் கெடந்திருப்ப. உங்கம்மா சேத்துக்குள்ள இருந்தா."

யெஸ்லியின் ரத்தத்தில் கிருமி இருந்தது. குழந்தைக்கு உண்டா என்று உறுதியாகத் தெரிய ஒன்றரை வருடமாவது ஆகும் என்றார்கள். குமெர்சிந்தா ஞாயிறு பூசையில் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் மாறினார்கள். பெர்த்தில்டா அந்த நீளப் பெஞ்சில் தனியாக முழந்தாளிட முயன்றாள். முழங்கால் மடங்கவில்லை. ஆண்டவரே, நின்றபடி கேட்கிறேன், எனக்கு ஏன் அத்தனை பால் கொடுத்தீர்? தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னும் ஆறு வீடு பாக்கியிருந்தது.

இரண்டாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் திறந்தவள், தன் இரண்டு பிள்ளைகளையும் இவள் மாரில் விட்டுப் போனவள், கையை நீட்டித் தடுத்தாள்.

"படி ஏறாத. அங்கேயே நின்னு சொல்லு. உள்ள பேரப்புள்ளைங்க இருக்கு."

பெர்த்தில்டா கைப்பிடிக் கம்பைப் பற்றிக்கொண்டு, அங்கேயே நின்று சொன்னாள்.